வெள்ளிக்கிழமைக்கு ஐந்து வாளி

திங்கள் முதல் வியாழன் வரை மூன்று வாளி, வெள்ளிக்கிழமை ஐந்து வாளி. நஸ்லா இதை முதன்முதலில் எண்ணியது தரம் ஆறில் படிக்கும்போது.

கொழும்பில் பாமன்கடைப் பகுதியில் அவர்களுடைய சிறிய ஒழுங்கை பெரிய வீதியைச் சந்திக்கும் இடத்தில் ஒரு மதில். மதிலோடு ஒட்டி ஒரு தண்ணீர்க் குழாய். பள்ளிக்கூட வானுக்காக அவள் அங்கே நிற்கும் நேரத்தில்தான் குப்பை லொறி ஒழுங்கையை முடித்துக்கொண்டு வெளியே வரும். லொறியின் பின்னாலிருந்து ஒருவர் இறங்குவார். கம்பியில் மாட்டியிருக்கும் மஞ்சள் வாளியை எடுத்துக் குழாயில் நிரப்பி, குப்பையின் மேல் ஊற்றுவார். வீசி எறிவதில்லை. செடிக்கு ஊற்றுவதுபோல இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று பார்த்துப் பார்த்து ஊற்றுவார். சாரதி ஹோர்ன் அடித்தாலும் அவசரப்பட மாட்டார். கடைசி வாளி முடிந்ததும் உள்ளங்கையைக் குப்பையின் மேல் சற்று நேரம் வைத்துப் பார்ப்பார். பிறகு லொறி போய்விடும்.

நாற்றம் குறைய ஊற்றுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். வெள்ளிக்கிழமை ஏன் ஐந்து என்பதற்கும் தானாகவே ஒரு விடை வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஆட்கள் அந்த வழியால் குளித்து உடுத்தி அத்தர் பூசிக்கொண்டு போவார்கள் அல்லவா, அவர்களுக்காக. உம்மாவிடம் சொன்னபோது உம்மா றமீலா, "நல்ல மனுசன் போல" என்றாள். அதோடு அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. பதினான்கு வருடத்துக்கு முடிந்திருந்தது.

அந்த மனிதருடைய பெயர் பிறெடி என்பது அவளுக்குத் தெரிந்தது அவள் பட்டம் பெற்று, நகரத்துக்கு வெளியே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு.

அவள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். வாப்பா ஹாஷிம் வெள்ளவத்தையில் ஒரு தையல்கடையில் துணி வெட்டுகிறவர். மகளுக்கு எங்கே வேலை என்று பள்ளிவாசலில் கேட்டால், "கரண்ட் செய்யிற இடத்துல" என்பார். அது பொய்யில்லை. ஆனால் நஸ்லாவின் வேலை கரண்டுக்கு வெகு தூரத்தில், லொறிகள் வந்து கொட்டும் பக்கத்தில் இருந்தது. வருகிற லொறிகளில் சிலவற்றிலிருந்து நூறு கிலோ குப்பையை எடுத்துப் பரப்பி, நான்காகப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு அதில் சோறு எவ்வளவு, பொலித்தீன் எவ்வளவு, இளநீர் குடித்த குரும்பைக் கோம்பை எவ்வளவு என்று தனித்தனியாக நிறுக்க வேண்டும். பிறகு ஒரு கைப்பிடியை அடுப்பில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து மறுபடியும் நிறுத்தால், குறைந்தது எல்லாம் தண்ணீர். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். வேதியியலில் சிறப்புப் பட்டம் எடுத்தது இதற்குத்தானா என்று முதல் மாதம் யோசித்தாள். ஆறாவது மாதத்தில் யோசிக்கக் களைப்பாக இருந்தது.

கொழும்புக் குப்பை ஈரமானது. யார் வந்து என்ன இயந்திரம் பூட்டினாலும் அது மாறுவதாயில்லை. கறிச்சட்டியில் மிஞ்சியது, தேயிலைச் சக்கை, மீன் கழுவிய பை, பாதி தின்ற பப்பாளி, இவற்றோடு மழை. லொறிகள் கொட்டும் பெரிய குழியில் குப்பை பல நாள் கிடந்து நீர் வடிந்த பிறகுதான் கிரேன் அதை அள்ளி உலைக்குள் போடும். அப்படியும் சில நாட்களில் உலை மந்தமாகிவிடும். அப்போது மேலே கண்ணாடி அறையில் இருப்பவர்களின் முகங்களும் மந்தமாகும். தாள்கள் தேடப்படும். எந்த லொறி, எந்தப் பகுதி, எவ்வளவு ஈரம்.

பிறெடியின் லொறிக்கு நூற்றுக்கு அறுபத்தொன்று. மற்ற லொறிகளும் ஐம்பத்தெட்டிலிருந்து அறுபத்து மூன்றுக்குள்தான். ஆனால் மற்ற லொறிகளை யாரும் படம் பிடிக்கவில்லை.

வீடியோவை எடுத்தது குழாய்க்கு எதிரே புதிதாக எழும்பிய தொடர்மாடியில் நான்காம் மாடியில் இருந்த யாரோ. முப்பது விநாடி. ஒரு முதிய மனிதர் குப்பை லொறிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அதன் கீழே சிங்களத்தில், 'குப்பைக்கு நிறை கூட்டி மக்கள் பணத்தைத் தின்பது இப்படித்தான்' என்று எழுதியிருந்தது. குப்பை எடுக்கும் கொம்பனிக்குத் தொன் கணக்கில் பணம் கொடுக்கப்படுவது உண்மை. எனவே பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு நாளில் அது எல்லாருடைய போனுக்கும் வந்துவிட்டது. கொம்பனி, தங்களுக்கு எதுவும் தெரியாது, அந்த ஆள் தன்பாட்டில் செய்திருக்கிறான் என்றது. மாதச் சம்பளக்காரன் ஒருவன் எதற்காகக் கொம்பனியின் நிறையைக் கூட்டுவான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறெடிக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. களவு என்று எழுதிவிட்டால் முப்பது வருட வேலைக்குக் கிடைக்க வேண்டிய கிராட்டுவிட்டி போகும், பெயரும் போகும். லொறி வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் அது தெரியும். நஸ்லாவுக்கு அதற்கு மேலும் ஒன்று தெரியும். தொன் கணக்கு வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே, குப்பை மேட்டில் கொண்டுபோய்க் கொட்டிய காலத்திலேயே, நிறையை ஒருவரும் பார்க்காத காலத்திலேயே அவர் ஊற்றினார். அதை எண்ணிய சாட்சி அவள் ஒருத்திதான்.

வீடியோ வந்த மூன்றாம் நாள் அவருடைய லொறி, லொறிகளை நிறுக்கும் நிறைப்பாலத்துக்கு முன்னால் வரிசையில் நின்றபோது நஸ்லா போய்ப் பேசினாள். பிறெடி மெலிந்த ஆள். பூட்ஸ் இரண்டும் இரண்டு நிறம். சாரதி சாந்தகுமார் ஆசனத்தில் காலை மடக்கி உட்கார்ந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தான்.

"அங்கிள், நான் அந்தப் பாமன்கடை லேன்லதான் இருக்கிற. நீங்க தண்ணி ஊத்துறத சின்னதுல இருந்தே பார்த்திருக்கேன்."

"முழு லேனும் பார்த்திருக்கு மிஸ். இப்ப முழு நாடும் பார்த்திட்டுது."

"அண்ணே இப்ப நடிகர்" என்றான் சாந்தகுமார் மேலேயிருந்து. "என்ட மகள் கேக்கிறா, அப்பா நீங்க ஏன் படத்துல இல்ல எண்டு. நான் டைரக்டர், டைரக்டர் படத்துல வாறேல்ல எண்டு சொன்னனான்."

"நீ பணிஸ தின்னு."

நஸ்லா கேட்டாள்: "வெள்ளிக்கிழமை ஏன் அஞ்சு வாளி?"

பிறெடி அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "அதையும் எண்ணினீங்களா?"

"தரம் ஆறுல இருந்து."

"ம்." கையை முழுக்காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை தணல் வரும் மிஸ். வியாழன் பின்னேரம் உங்கட ஆக்கள் சாம்பிராணி போடுறவங்க. எரிஞ்சு முடிஞ்சா சட்டியில கிடக்கிறத பையில கொட்டிக் கட்டிருவாங்க. மேலுக்குச் சாம்பல், உள்ளுக்கு உயிர் இருக்கும். காலையில பை எங்கட கைக்கு வரும்."

"வெள்ளி பின்னேரம் சைவ ஆக்களும் போடுவாங்கதானே. சனிக்கிழமை?"

"சனி எங்களுக்குக் கடைக் குப்பை. வீட்டுப் பக்கம் வாறேல்ல. மற்ற நாள்ல பேக்கரிச் சாம்பல், கல்யாணத்துச் சமையல் கரி. அதுக்கு மூண்டு காணும்."

"இத நீங்க ஒருத்தருக்கும் சொல்லலியா?"

"யார் கேட்டது? நீங்கதான் இப்ப கேக்கிறீங்க."

வரிசை நகர்ந்தது. சாந்தகுமார் பணிஸ் கடதாசியைக் கசக்கிக் கீழே எறியப் பார்த்து, நஸ்லாவைக் கண்டதும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். லொறியோடு நடந்தபடியே பிறெடி மீதியைச் சொன்னார்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு அவர்களுடையது திறந்த லொறி. பின்னால் இரண்டு பேர். பிறெடி கீழே நின்று பையைத் தூக்கிக் கொடுப்பார், தியாகு மேலே நின்று வாங்கி அடுக்குவான். பிறெடியைப்போலவே தியாகுவும் கொட்டாஞ்சேனைக்காரன்தான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். ஒரு வெள்ளிக்கிழமை, குப்பை நிரம்பிய பிறகு பிறெடி சாரதிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார், தியாகு வழக்கம்போல மேலேயே தார்ப்பாயில் சாய்ந்திருந்தான். கிருலப்பனை தாண்டும்போது பின்னால் வந்த ஓட்டோக்காரன் கத்தினான். பார்த்தால் புகை. தியாகு குதித்திருக்கலாம். குதிக்காமல் எரிகிற பைகளை உதைத்து உதைத்து வெளியே தள்ளியிருக்கிறான். உருகிய பொலித்தீன் இரண்டு காலிலும் இடது கையிலும் ஒட்டிக்கொண்டது. நான்கு மாதம் களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"அதுக்குப் பிறகுதான் வாளி வாங்கினது" என்றார். "இது மூண்டாவது வாளி."

லொறி நிறைப்பாலத்தில் ஏறியது. பிறெடி இறங்கி ஓரமாக நின்றார். நிறுக்கும்போது ஆட்கள் லொறியில் நிற்கக் கூடாது.

அன்று வியாழக்கிழமை. நஸ்லா வீட்டுக்குப் போனபோது உம்மா சாம்பிராணிச் சட்டியோடு அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தாள். அலுமாரிக் கதவைத் திறந்து உடுப்புகளுக்கும் புகை காட்டினாள். நஸ்லா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் உம்மா சட்டியைக் கவிழ்த்து, பால்மாப் பெட்டி ஒன்றுக்குள் தட்டி, அதைக் குப்பைப் பையில் போட்டாள்.

"உம்மா, அதுக்குள்ள தணல் ஈக்கும்."

"எங்க தணல்? அது அவிஞ்சி எவ்வளவு நேரம்."

"எத்தின வருசமா இப்படிக் கொட்டுறீங்க?"

"உன்ட வாப்பாவக் கட்டின நாள்ல இருந்து. ஏன், இப்ப அதையும் நிறுத்துப் பார்க்கப் போறியா?"

வாப்பா உள்ளேயிருந்து சிரித்தார். நஸ்லா பையைத் திறந்து அந்தப் பெட்டியின் அடியில் கையை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. ஆனால் இளஞ்சூடு இருந்தது, பூனை எழும்பிப் போன இடம்போல. ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினாள். சிறிய சத்தம் ஒன்று வந்தது.

பதினைந்து வருடத்துக்கு முந்திய அந்த வெள்ளிக்கிழமை தீப்பிடித்த பை எந்த ஒழுங்கையிலிருந்து வந்தது என்று அவள் பிறெடியிடம் கேட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்பதை அவளால் தீர்மானிக்க முடியவில்லை. அவர் சொல்லியிருப்பார் என்றும் அவள் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டிலான் கூப்பிட்டார். அவர்தான் அவளுக்கு மேலே உள்ளவர். கெட்டவர் இல்லை. தூக்கம் போதாத மனிதர், மேசையில் எப்போதும் ஆறிப்போன பிளேன்டீ இருக்கும். கொம்பனி விசாரணை வைக்கிறது, இங்கிருந்து ஒரு படிவம் போக வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லித் தாளை நீட்டினார். லொறி இலக்கம், திகதி, ஈரப்பதன். அதன் கீழே ஒரு கேள்வி: குப்பையில் வெளியிலிருந்து தண்ணீர் சேர்க்கப்பட்டதா? இரண்டு பெட்டிகள். ஆம், இல்லை. அதன் கீழே குறிப்புகள் என்று இரண்டு வரி.

அவள் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தாள். ஒரு வாளிக்குப் பதினைந்து லீற்றர். லொறியில் நாலாயிரம் கிலோவுக்கு மேலே குப்பை. மூன்று வாளி என்றால் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். ஐந்து வாளி என்றால்கூட இரண்டு வராது. அந்த வாளியை ஆற்றில் எறிந்தாலும் அறுபத்தொன்று ஐம்பத்தொன்பதுக்குக் கீழே இறங்காது. உலையை மந்தமாக்குவது பிறெடி இல்லை, கொழும்பு முழுக்கச் சமைக்கிற சோறு. ஆனால் சோற்றை யாரும் வீடியோ எடுக்க முடியாது.

அவள் இரண்டு வரியில் அடங்காமல் தாளின் பின்பக்கம் முழுக்க எழுதினாள். அளவு, சதவீதம், காரணம், தீ விபத்து, தான் சிறுவயது முதல் நேரில் கண்டது, அப்போது நிறைக்குப் பணம் கொடுக்கும் முறையே இருக்கவில்லை என்பது எல்லாம். பெட்டியில் 'ஆம்' என்பதற்கு நேராகச் சரி போட்டாள்.

'இல்லை' என்று போட்டிருக்கலாமா? அவளுக்கு அந்த நிமிடத்திலேயே அந்த எண்ணம் வந்தது. ஆனால் தண்ணீர் சேர்க்கப்பட்டது உண்மை. உண்மையை எழுதி, அதற்குப் பக்கத்தில் முழு உண்மையையும் எழுதினால் போதும் என்று படித்திருந்தாள். எங்கே படித்தாள் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

டிலான் தாளை வாங்கிப் பெட்டியை மட்டும் பார்த்தார். "ஆம். சரி."

"பின்பக்கமும் இருக்கு சேர்."

"அனுப்பச் சொல்லுகிறேன்" என்றார்.

போட்டோப் பிரதி எடுத்தவர் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார். அது வேண்டுமென்று செய்ததில்லை. அந்த இயந்திரத்தில் தாளைக் கையால்தான் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து பிறெடிக்கு வந்த கடிதத்தில், நீர் சேர்த்து நிறையைக் கூட்டியது பரிசோதனை அறிக்கையால் உறுதியாகிறது, எனவே கிராட்டுவிட்டி இல்லாமல் வேலைநீக்கம் என்றிருந்தது. சாந்தகுமார் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து நிறைப்பாலத்தடியில் நஸ்லாவிடம் காட்டினான். அன்று அவன் பகிடி விடவில்லை.

"உங்கட ரிப்போட் எண்டு போட்டிருக்கு மிஸ்" என்று மட்டும் சொன்னான்.

நஸ்லா முறையீட்டுப் படிவத்தை எடுத்து, பின்பக்கத்தின் பிரதியையும் சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனாள். பிறெடி பஸ் தரிப்பில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். தேவாலயத்தில் பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தார். வீடு கிட்டத்தான் என்று சொல்லிவிட்டு அவளை ஒரு சந்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். சந்து இன்னொரு சந்தில் முடிந்தது. அது ஒரு களஞ்சியத்தின் பின்பக்கத்தால் சுற்றியது. பிறகு ஒரு சாக்கடைக் கானைத் தாண்டி மறுபடியும் சந்து. கால் மணித்தியாலம் நடந்த பிறகு அவர் வீட்டுவாசலில் நின்று பார்த்தால், எதிரே நேராக, அவள் இறங்கிய பஸ் தரிப்பு தெரிந்தது.

"அங்கிள், அந்தா தெரியுது பஸ் ஹோல்ட். ஏன் சுத்தி வந்த?"

பிறெடி பூட்டைத் திறந்துகொண்டே சொன்னார். "நேரா வந்தா சந்தியில தியாகு இருக்கிறான். லொத்தர் டிக்கட் விக்கிறான்."

"அதுக்கென்ன?"

"உள்ள வாங்க மிஸ்."

ஒற்றை அறை. மனைவி இறந்து பல வருடம். மகன் வெளிநாட்டில். கூரையில் ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே அந்த மஞ்சள் வாளி இருந்தது. வேலையை விட்டு வரும்போது கையோடு கொண்டுவந்திருக்கிறார். நஸ்லா படிவத்தை விரித்து, எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டினாள். இதை அனுப்பினால் மறுபடி விசாரிப்பார்கள், நானே வந்து சொல்லுவேன் என்றாள்.

"வேணாம் மிஸ்."

"ஏன் வேணாம்? நீங்க களவெடுக்கல்லியே."

"இல்ல. எடுக்கல்ல." அவர் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க எழுதினதும் பொய்யில்ல. தண்ணி ஊத்தினதா எண்டு கேட்டாங்க, ஓம் எண்டு போட்டீங்க. எனக்கு உங்கள்ல கோவம் இல்ல. என்னட்டையும் அப்பிடித்தான் ஒண்டு கேட்டவங்க."

நஸ்லா பேனையைக் கீழே வைத்தாள்.

"லொறி எரிஞ்ச பிறகு சுப்பர்வைசர் என்னக் கூப்பிட்டுக் கேட்டவர், மேல இருந்தவன் பீடி குடிக்கிறவனா எண்டு. நான் ஓம் எண்டு சொன்னன். குடிக்கிறவன்தான். பொய்யில்ல. ஆனா அண்டைக்குக் குடிக்கல்ல. பீடி முடிஞ்சுது எண்டு காலையில என்னட்டத்தான் கேட்டவன், என்னட்டையும் இருக்கல்ல. அத நான் சொல்லல்ல. அவர் கேக்கவும் இல்ல."

"அவரு பீடியாலதான் எண்டு நெனச்சாங்களா?"

"எழுதினாங்க. வேலை போச்சு. ஒரு சதம் குடுக்கல்ல."

"தணல் பை எண்டு உங்களுக்கு அப்ப தெரியுமா?"

பிறெடி வலது உள்ளங்கையை விரித்து அவளுக்குக் காட்டினார். அதில் எதுவும் இல்லை. "இதுக்குத் தெரியும் மிஸ். பை சுட்டுது. சுடச் சுடத்தான் மேல தூக்கிக் குடுத்தன். இறக்கி வச்சுத் தண்ணி ஊத்தினா பத்து நிமிசம் பிந்தும். களைப்பு. நினைச்சன், போற வழியில ஆறிரும் எண்டு."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது பற்றவில்லை. மறுபடி மறுபடி உதைத்தார்கள்.

"எத்தின வாளி ஊத்தினாலும் அது அவனுக்குப் போய்ச் சேரேல்லத்தானே" என்றார் பிறெடி. "இப்ப எனக்கு அவனுக்கு வந்த மாதிரியே வந்திருக்கு. இத நான் கேஸ் போட்டு மாத்தக் கூடாது. அது சரியில்ல. நீங்க படிச்ச பிள்ள, எனக்கு வேற ஒண்டு எழுதித் தாங்க. உங்கட ரிப்போட் மாதிரி நல்ல தாள்ல. அவனுக்கு."

படிவத்துக்கென்று கொண்டுபோன வெள்ளைத் தாள் அவளிடம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். அன்று காலை தியாகு பீடி குடிக்கவில்லை. அவனிடம் பீடி இருக்கவும் இல்லை. தீ பிடித்தது தணல் இருந்த பையால். அந்தப் பையைத் தூக்கிக் கொடுத்தவன் நான். 'பை சூடாக இருந்திருக்கலாம்' என்று அவள் எழுதி வாசித்தபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இருந்திருக்கலாம் இல்ல. இருந்தது. எனக்குத் தெரியும் எண்டும் போடுங்க."

அவள் வெட்டித் திருத்தினாள். பேனையை நீட்டினாள். அவர் வாங்கித் தாளின் மேல் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இங்க வச்சுச் சைன் பண்ணினா யாரோ எழுதிக் குடுத்த கடதாசி மாதிரி இருக்கும். அவன்ட கண்ணுக்கு முன்னால பண்ணுறன். நீங்க வச்சிருங்க மிஸ், இங்க எல்லாம் நனைஞ்சிரும். சேர்ச் திருநாள் முடியட்டும். முடிஞ்ச கையோட ரெண்டு பேரும் போவம்."

"இப்பவே போகலாமே. அந்தா இருக்கிற சந்தி."

"இண்டைக்கு ஏலாது. களைப்பா இருக்கு."

அவள் வற்புறுத்தவில்லை. அவளுக்கும் களைப்பாக இருந்தது. அவளை அனுப்ப வந்தபோதும் அவர் அதே சந்துகளால்தான் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார். கானைத் தாண்டும்போது திடீரென்று கேட்டார்: "தியாகுவிட டிக்கட் பெட்டிக்கு மேல ஒரு பல்ப் எரியுது மிஸ். பகல்லயும் எரியும். அது எங்கட குப்பைல இருந்து வாற கரண்டா இருக்குமா?"

"அப்பிடிப் பிரிச்சுச் சொல்ல ஏலாது அங்கிள். எல்லாம் ஒரே லைன்லதான் போகுது."

"அப்ப இருக்கவும் கூடும்."

"இருக்கவும் கூடும்."

திருநாள் முடிந்தது. பிறெடி அழைக்கவில்லை. நஸ்லா இரண்டு தடவை போன் எடுத்தாள். முதல் தடவை கால் வீங்கியிருக்கிறது என்றார். இரண்டாம் தடவை, அடுத்த ஞாயிறு நிச்சயம் என்றார். அந்த ஞாயிற்றுக்கு முந்திய புதன்கிழமை சாந்தகுமார் லொறியை வரிசையில் நிறுத்திவிட்டு ஆய்வுகூடக் கதவு வரைக்கும் நடந்து வந்தான். அவன் அங்கே வந்ததே இல்லை.

"அண்ணே போயிட்டார் மிஸ். விடிய எழும்பல்ல. ஹார்ட் எண்டு சொல்லுறாங்க."

அவருடைய இடத்தில் ஜெனிஸ்டன் என்றொருவன் வந்திருந்தான். அவன் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்கிறவன், தண்ணீர் ஊற்றுவதில்லை. அந்த மாதம் அந்த லொறியின் ஈரப்பதனை நஸ்லா நான்கு தடவை எடுத்தாள். அறுபது, அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, அறுபத்தொன்று. எழுதி மேலே அனுப்பினாள். ஒன்றும் கேட்டு வரவில்லை. வியாழக்கிழமைகளில் வீட்டில் சாம்பிராணி முடிந்ததும் அவள் எழுந்து போய் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுகிறாள். உம்மா, "ஆய்வுகூடம் ஊட்டுக்கும் வந்திட்டு" என்கிறாள். ஒழுங்கையில் மற்ற இருபத்தேழு வீடுகளுக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறாள். ஆறு வீட்டுக்குச் சொல்லியிருக்கிறாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் அவள் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். இந்தத் தடவை சுற்றவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக நடந்தாள். சந்தி வருவதற்கு முப்பது அடிகூட இல்லை.

தியாகு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். வெளுத்த தலை, சவரம் செய்த முகம். இடது கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்தக் கையைத்தான் டிக்கட் கட்டின் மேல் பாரமாக வைத்திருந்தான், காற்றில் பறக்காமலிருக்க. பெட்டிக்கு மேல் பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

"சொல்லுங்க மகள். எந்தக் கட்டில தர?"

அவளுடைய கைப்பையில் தாள் இருந்தது. அவளுடைய கையெழுத்தில், அவளுடைய பேனையில், கீழே கையெழுத்து வைக்க விட்ட வெற்றிடத்தோடு. கையெழுத்தில்லாத தாளுக்கு என்ன பெறுமதி என்பது வேலையில் அவளுக்குத் தினமும் தெரிகிற விஷயம். இதைக் கொடுத்தால் இது யார் சொன்னது? பிறெடி சொன்னது என்று அவள் சொல்லலாம். இறந்துபோன ஒருவன் தன்னிடம் சொன்னான் என்று, முன்பின் தெரியாத ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமை, சந்தியில் நின்று சொல்லலாம். அது பிறெடி கொடுப்பதாகுமா?

"உங்களுக்குப் பிறெடியத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தியாகு நிமிர்ந்து பார்த்தான். "குப்பை லொறிப் பிறெடியா? ஏன் தெரியாது. நாங்க ஒண்டா வேலை செஞ்சனாங்க. மூண்டு கிழமைக்கு முந்திப் போயிட்டான், பாவம். நான் போனனான் செத்தவீட்டுக்கு." டிக்கட் கட்டைத் தட்டி ஒழுங்காக்கினான். "இந்தச் சந்தியால அவன் வாறதே இல்ல. ஏன் எண்டு எனக்கு விளங்குறேல்ல. எனக்கு இப்பிடி வந்தத பார்க்க ஏலாமப் போலக் கிடக்கு. மனசு மெல்லிசான ஆள். நீங்க சொந்தமா?"

"இல்ல. வேலை செய்யிற இடத்துல தெரியும்."

"ம்" என்றான். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒட்டிய விரல்களால் கட்டை விசிறிபோல விரித்துப் பிடித்தான். "எடுங்க மகள். நல்ல நம்பராப் பார்த்து எடுங்க."

அவள் ஒன்றை எடுத்தாள். இலக்கத்தைப் பார்க்கவில்லை. அதைக் கைப்பைக்குள் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு வந்தாள். அடுத்த மாதமும் போனாள். அன்று மழை. பெட்டி மூடியிருந்தது. தாள் இன்னமும் அவளிடந்தான் இருக்கிறது, கீழே வெற்றிடத்தோடு.